சகலையின் நீல வண்டி

செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிர்ச் சாரியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் தீனதயாளன். வயது ஐம்பத்திரண்டு. பெயர் மாற்றம், முகவரி மாற்றம், வண்டித் தகுதிக்கான எஃப்.சி. என்று வண்டிக்காரர்களுக்கு வேண்டிய விண்ணப்பங்களை எழுதித் தருவதுதான் இருபத்தாறு வருடமாக அவர் தொழில். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் என்றாகிவிட்டதால் மேஜைமேல் ஒரு லேப்டாப்பும் உண்டு. ஆனாலும் அச்செடுத்த தாளில் கையெழுத்து வாங்கும் வேலை போகவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். ஆட்கள் குறியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். குறிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படித்ததில்லை. படித்தால் தீனதயாளனை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். அந்த மனிதருக்கு அப்படி ஒரு பெயர்.

பெயர் இருந்து என்ன பிரயோஜனம்? மணமையில் இருக்கும் மாமியார் வீட்டில் அது செல்லுபடியாகவில்லை.

மாமியார் காசியம்மாளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பூங்கொடியைக் கட்டியவர் தீனதயாளன். இளையவள் சகுந்தலாவைக் கட்டியவன் பன்னீர்செல்வம். கல்யாணத்தின்போது பன்னீர் திருக்கழுக்குன்றத்தில் பைக் மெக்கானிக். நகத்தில் கிரீஸ் போகாமல் மணவறையில் உட்கார்ந்தவன். அப்போதெல்லாம் தீனதயாளனுக்கு அவன்மேல் பிரியம்கூட இருந்தது. நமக்குக் கீழே இருப்பவன்மேல் பிரியம் வைப்பதில் என்ன சிரமம்? பிறகு அவன் மலேசியாவில் கிள்ளானுக்குப் போனான். ஒரு தமிழரின் ஒர்க் ஷாப்பில் பழைய கார்களைப் பிரித்து மாட்டும் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். வரும்போது மாமியாருக்குத் தைலமும் டார்ச் லைட்டும் பிஸ்கட் டின்னும் கொண்டுவருவான். அந்தத் தைலத்தைக் காசியம்மாள் தலைவலி இல்லாத நாளிலும் மோந்து மோந்து பார்ப்பாள்.

அதே காசியம்மாளைக் கண் ஆபரேஷனுக்காக எட்டுத் தடவை தன் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்காரவைத்துச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனவர் தீனதயாளன். வெயிலில் வரிசையில் நின்று சீட்டு எடுத்தவர், சொட்டு மருந்து விட்டவர், எல்லாம் அவர்தான். கட்டு அவிழ்த்த அன்று காசியம்மாள் சொன்ன முதல் வார்த்தை: "சின்ன மாப்ளக்கு போன் போடு பூங்கொடி, கண்ணு தெரியுதுன்னு சொல்லணும்." தீனதயாளன் பக்கத்திலேயே மாத்திரைப் பையோடு நின்றுகொண்டிருந்தார். தெரிந்த கண்ணுக்கு அவர் தெரியவில்லை.

அன்று பிடித்த வயிற்றெரிச்சல். ஜெலுசில் குடித்தால் அடங்குகிற ஜாதி அல்ல அது.

போன வருடம் ஒரு நாள் காலையில் அவர் மேஜைக்கு வீடியோ கால் வந்தது. பன்னீர் சிரித்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு வேன். உருண்டை மூஞ்சி, இரண்டு பெரிய விளக்கு, மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி வானநீலம். ஜெர்மன்காரன் ஐம்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் செய்தது.

"அண்ணாத்த, எப்டி கீது? மொதலாளி எனுக்கே குடுத்துடறேன்றாரு. நானே எஞ்சின் எறக்கி ஏத்துனது. மாபலிபுரத்துல ஓட்டல்காரரு ஒருத்தரு பேசிக்கினாரு. டூரிஸ்டுங்கள முதலப் பண்ண, புலிக்குக, சட்ராஸ் கோட்டன்னு டெய்லி சுத்திக் காட்டணுமாம். வெள்ளக்காரனுங்க பழசுன்னா உசுர வுடுவானுங்களே! அம்பது வருசம் தாண்டுன வண்டிய இப்ப ஈஸியா கொண்டாரலாமாமே?"

"ரூல் மாத்தியிருக்காங்கதான்" என்றார் தீனதயாளன்.

"அதத்தான் கேக்கறேன். நம்ம ஊர்ல பதிவு ஆவுமா? ரோட்ல ஓட்டலாமா? நீங்க சரின்னா வேலய வுட்டுட்டு வண்டியோட வந்துடறேன். இல்லன்னா இங்கியே கெடக்கறேன். பதினோரு வருசம் ஆச்சி அண்ணாத்த, எம் பொண்ணு என்ன போன்லதான் அப்பான்னு கூப்புடுது. ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

தீனதயாளன் இரண்டு நாள் டைம் கேட்டார். போனை வைத்த கையோடு விதியைத் தேடிப் படித்தார். இவ்வளவு பழைய வண்டிக்குத் தனி வகையில் பதிவு உண்டு, 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பரும் உண்டு. அதற்குக் கீழே இன்னொரு விதி இருந்தது. அந்த வண்டியை வாடகைக்கோ தினசரி வேலைக்கோ ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்குப் போகலாம், பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். முடிந்தது.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது. அதை அவர் மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது மாமியார் முகம் மனதில் வந்தது. வேலையும் போய் வண்டியும் ஓடாமல் சின்ன மாப்பிள்ளை வீட்டோடு உட்கார்ந்திருந்தால் அந்த முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். இனித்தது.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "தாராளமா எடுத்துக்கினு வா பன்னீரு. நம்பர் வாங்கித் தர்றது என் பொறுப்பு."

பொய் சொல்லவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். பதிவு ஆகுமா என்று கேட்டான், ஆகும். ரோட்டில் ஓடுமா என்று கேட்டான். ஓடும், பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓடும். கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்லமுடியும்? இப்படி ஒரு வக்கீல் எல்லோருடைய வயிற்றுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறான். கூப்பிடாமலே ஆஜராகிவிடுவான்.

வண்டி கிள்ளானில் கப்பல் ஏறியது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, சுங்கவரி கட்டி, லாரியில் ஏறிப் பூஞ்சேரியில் பன்னீர் வீட்டு வாசலுக்கு வந்து சேர நாலு மாதம் ஆனது. பதினோரு வருடச் சேமிப்பு அதோடு கரைந்தது. சகுந்தலாவின் கழுத்தில் தாலிச்சரடு மட்டும் மிச்சம். மகள் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வண்டிக்குள் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அப்பா வீட்டிலேயே இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டியிருக்கவில்லை.

பதிவு விண்ணப்பத்துக்காகப் பன்னீர் செங்கல்பட்டுக்கு வந்தான். தீனதயாளன் தாள்களை அடுக்கிவைத்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் பென்சில் குறி. பன்னீர் மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தான். கடைசித் தாளில் பேனா நின்றது.

"இது இன்னாது அண்ணாத்த, தனியா கீது?"

அது உறுதிமொழிப் பத்திரம். 'இந்த வண்டியை வருமானத்துக்கோ அன்றாட உபயோகத்துக்கோ ஓட்டமாட்டேன்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஓட்டல்காரரிடம் இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை. கிள்ளான் முதலாளியும் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா என்றுதான் சொல்லியிருந்தார். தீனதயாளன் வாயைத் திறந்தார்.

"காலைல வரும்போது அத்தய பாத்துட்டு வந்தேன்" என்று பன்னீர் தானாகவே சொன்னான். "கண்ணு இப்ப சூப்பரா தெரியுதாம். நான் போட்டுக் குடுத்த கண்ணாடிதான் ராசின்னு சொல்லிக்கினு கீது."

தீனதயாளன் திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு, "எல்லார்கிட்டயும் வாங்கறதுதான். போடு" என்றார். பன்னீர் போட்டான்.

நம்பர் வந்தது. நல்ல நாள் பார்த்து பூஞ்சேரியில் வண்டிக்குப் பூஜை வைத்தார்கள். மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். தீனதயாளன் பூங்கொடியோடு போய் இறங்கினார். இறங்கியவர் வண்டியின் நெற்றியைப் பார்த்தார். முருகன் துணை, அங்காளம்மன் துணை என்றெல்லாம் எழுதுகிற இடத்தில், மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: 'அண்ணன் தீனதயாளன் துணை.'

"இன்னாடா இது?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சாமிக்கு ஆயிரம் பேரு கீறாங்க அண்ணாத்த. எனுக்கு நீங்க ஒருத்தருதான் வழி காட்னது. நாளான்னிக்கு மொத ட்ரிப்பு, ஓட்டல்காரருகூட எழுதிக் குடுத்தாச்சி."

காசியம்மாள் ஒரு பூசணிக்காயைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. ஊரு கண்ணு பூரா இதுமேலதான். வூட்டுக்குப் பெரியவரு நீங்கதான் மாப்ள, சுத்திப் போடுங்க" என்று தீனதயாளன் கையில் கொடுத்தாள். திருடன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்த மாதிரி. அவர் மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் போட்டு உடைத்தார். பூசணிக்காய்க்கு வாய் இருந்தால் சிரித்திருக்கும்.

அப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது உண்மை. மஞ்சள் எழுத்தில் தன் பெயரைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் இளகித்தான் போயிருந்தது. பன்னீரின் தோளைத் தொட்டு, "பன்னீரு, இப்டி வா, ஒரு விசயம்" என்று வண்டிக்குப் பின்பக்கம் அழைத்தார். அவன் வருவதற்குள் காசியம்மாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் சீட்டைத் தடவினாள்.

"இத்தினி வயசுல இன்னிக்குத்தான் ஒரு வண்டில மனுசியா ஒக்காந்துகீறேன்" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

எட்டுத் தடவை! ஒவ்வொரு தடவையும் அவள் விழுந்துவிடக்கூடாது என்று மாடு நடக்கிற வேகத்தில் டி.வி.எஸ்.ஸை ஓட்டியவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இளகியது மறுபடி இறுகிவிட்டது.

"இன்னா விசயம் அண்ணாத்த?" பன்னீர் வந்து நின்றான்.

"ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு" என்றார் தீனதயாளன்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. அவர் மேஜையைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். எதிர்பார்த்த போன்தான். ஆனால் பேச்சு அவர் எதிர்பார்த்த மாதிரி ஆரம்பிக்கவில்லை.

"அண்ணாத்த, நெம்மேலிகிட்ட செக்கிங். வண்டில ஏழு பேரு டூரிஸ்டு கீறாங்க. இந்த நம்பரு போட்டுக்கினு சவாரி ஏத்தக்கூடாதுன்றாரு இன்ஸ்பெக்டரு. நான் எழுதிக் குடுத்துகீறேன்னு வேற சொல்றாரு. எனுக்கு ஒண்ணும் புரியல. நீங்க பேசுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். சார், இவருதான் சார் நெத்தில போட்ருக்கற தீனதயாளன். எங்க அண்ணன். அவுருக்கு எல்லாம் தெரியும்."

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கதான் பேப்பர் போட்டதா சார்? வி.ஏ. நம்பர் வண்டி வாடகைக்குப் போகக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்ப இவர்கிட்ட கையெழுத்து வாங்கறப்ப அந்த உறுதிமொழியப் படிச்சிக் காட்டினீங்களா, இல்லையா?"

மேஜையைச் சுற்றி நின்ற நாலு பேரும் தீனதயாளனையே பார்த்தார்கள். நாலு பேர் கையிலும் அவர் குறி போட்டுக் கொடுத்த தாள்கள். இருபத்தாறு வருடம் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சம்பாதித்த பெயர்.

"காட்னேன் சார்" என்றார். "படிச்சிக் காட்டித்தான் வாங்கினேன்."

போனில் ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற பஸ் இரைச்சல் கேட்டது. அடுத்துப் பன்னீர் என்ன கத்தப்போகிறான் என்று தீனதயாளன் காதைக் கெட்டியாகப் பொத்திக்கொள்ளாத குறை.

"ஆமா சார்" என்றான் பன்னீர். மெதுவாகத்தான் சொன்னான். "அண்ணாத்த படிச்சிக் காட்னாரு. என் மண்டைலதான் ஏறல. தப்பு என்னுதுதான்."

போன் கட் ஆகிவிட்டது.

அபராதம் போட்டார்கள். டூரிஸ்டுகளை ஓட்டல்காரர் வேறு வண்டி அனுப்பி அழைத்துக்கொண்டார், ஒப்பந்தத்தையும் முறித்துக்கொண்டார். நீல வண்டி பூஞ்சேரிக்குத் திரும்பி வாசலில் நின்றது. எதற்கும் வேறு வழி இருக்கிறதா என்று பன்னீர் நாலு இடத்தில் விசாரித்தான். இல்லை என்றார்கள். தீனதயாளனிடம் மட்டும் அவன் விசாரிக்கவில்லை. அவன் வந்து சட்டையைப் பிடிப்பான் என்று இவர் மூன்று நாள் காத்திருந்தார். பிடித்திருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காசியம்மாள் எல்லோரையும் மணமைக்கு வரச் சொன்னாள். இரண்டு மருமகன்களும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சகுந்தலா அழுது முகம் வீங்கியிருந்தாள். காசியம்மாள் நின்றுகொண்டே பேசினாள்.

"சின்ன மாப்ள, கேக்கறேன்னு கோச்சிக்காதீங்க. பெரியவரு அப்பவே படிச்சிக் காட்னாராமே? அதுக்கப்புறமும் சவாரி ஏத்திக்கினு போனா இன்னா அர்த்தம்? எம் பொண்ணு நக போச்சி, உங்க வேல போச்சி. ஒரு பெரிய மனுசன் சொல்றத காதுல வாங்க வாணாமா?"

"தப்புதான் அத்த" என்றான் பன்னீர்.

"எனுக்கு இத்தினி நாளா தெரியாம போச்சி." காசியம்மாள் தீனதயாளன் பக்கம் திரும்பினாள். கையெடுத்துக் கும்பிடவே கும்பிட்டாள். "இந்த வூட்டுக்கு நீங்க ஒருத்தருதான் மாப்ள மனுசன். எங்கண்ணு அவிஞ்சி போச்சி, அத பாக்கல."

கல்யாணமான இந்த இருபத்து நாலு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. பூங்கொடி பெருமையோடு அவரைப் பார்த்தாள். தீனதயாளன் பன்னீரைப் பார்த்தார். அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினார், கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை, நான் படித்துக் காட்டவில்லை என்ற ஒரே வார்த்தை, சொன்னால் அவனும் தலைநிமிர்ந்து எழுந்துவிடுவான், இவரும் எழுந்துவிடலாம். அவன் சபையில் உட்கார்ந்து பழியை வாங்கிக்கொள்கிறான்; தன்னால் தன் பழியைக்கூட வாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த மனசு அவனுக்கு எங்கிருந்து வந்தது, தனக்கு ஏன் வரவில்லை என்று அப்போதும் அவருக்கு வயிறுதான் எரிந்தது.

பன்னீர் பையிலிருந்து அச்செடுத்த தாள் ஒன்றை எடுத்தான்.

"கிள்ளான் மொதலாளி மறுபடியும் வரச் சொல்ட்டாரு அண்ணாத்த. அடுத்த மாசம் கெளம்பறேன். பாஸ்போர்ட்டு முடியப்போவுது. இந்த ஃபாரத்த நீங்கதான் சரி பாத்துக் குடுக்கணும்." வாசலில் அவன் மகள் இந்தப் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டாள்.

தீனதயாளன் தாளை வாங்கினார். பழக்கத்தில் சட்டைப்பையில் பென்சிலைத் தேடினார்.

"குறி போடறதுக்கு முன்னாடி" என்றான் பன்னீர். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. "ஒரு தபா படிச்சிக் காட்டுங்க அண்ணாத்த."

தீனதயாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் படித்துத் தமிழில் அர்த்தம் சொன்னார். சில வரிகளை இரண்டு தடவை படித்தார். பன்னீர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"பாத்துக்குங்க சின்ன மாப்ள" என்றாள் காசியம்மாள். "எத்தினி பொறுமையா படிச்சிச் சொல்றாரு. அன்னிக்கும் இப்டித்தான சொல்லியிருப்பாரு."